கொம்பைப் பார்த்ததும் தடுமாறும் பிள்ளை
வகுப்பறைக் கேள்வி - பதில்

ஒரே வகுப்பில் பலவிதத் தேவைகளோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குச் சிறப்புக் கல்வியாளர்கள் பதில் தருகிறார்கள்.

என் வகுப்பில் 38 பேர். ஒருவனுக்கு வாசிப்பில் சிக்கல், ஒருத்தி காது மெஷின் போட்டிருக்கிறாள், இன்னொருவன் ஓரிடத்தில் உட்கார மாட்டான். ஒரு பாடத்துக்கு நான்கு பாடத் திட்டம் எழுதுவது நடக்கிற காரியமா?
- நான்காம் வகுப்பு ஆசிரியை

நடக்காது. நடக்கவும் வேண்டாம். ஒரே திட்டம் போதும். ஆனால் அதன் முதல் வரியில், பாடம் முடியும்போது பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியமாக எழுதிவிடுங்கள். ‘நீர் ஆவியாகி, குளிர்ந்து, மறுபடி நீராவதை வரிசையாக விளக்கத் தெரிய வேண்டும்’ என்பதுபோல. அதற்குக் கீழே, அந்த வகுப்பில் பிள்ளை செய்தாக வேண்டிய வேலைகளைப் பட்டியலிடுங்கள்: பலகையைப் பார்த்து எழுதுவது, 2 பக்கம் வாசிப்பது, 40 நிமிடம் அசையாமல் இருப்பது, 5 வரி விடை எழுதுவது. இப்போது முதல் வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீர்ச் சுழற்சி தெரிவதற்கு இந்த நான்கில் ஒன்றுகூடக் கட்டாயமில்லை. உங்கள் மூன்று பிள்ளைகளும் தடுக்கி விழுவது இந்தப் பட்டியலில்தான், நீர்ச் சுழற்சியில் அல்ல.

ஆகவே மாற்றத்தைப் பட்டியலில் செய்யுங்கள். பாடப் பகுதியை ஒரு முறை நீங்களே உரக்க வாசித்துவிடுங்கள். 5 படங்களை வெட்டி, வரிசைப்படுத்தக் கொடுங்கள். விடையை எழுதலாம், படம் வரைந்து பெயர் குறிக்கலாம், எழுந்து வந்து சொல்லலாம் என்று 38 பேருக்கும் சொல்லுங்கள். எல்லோருக்கும் சொல்வதுதான் முக்கியம். ‘உனக்கு மட்டும்’ என்று நீட்டப்படும் சலுகையைப் பத்து வயதுக்கு மேல் எந்தப் பிள்ளையும் விரும்பி வாங்குவதில்லை.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. ‘மெல்லக் கற்பவர்கள்’ என்று ஐந்து பேரைப் பிரித்து உட்காரவைத்து, மற்றவர்கள் நீர்ச் சுழற்சியை விளக்கும்போது இவர்களிடம் மேகத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்வது. அங்கே மாறியது வழி அல்ல, முதல் வரியே மாறிவிட்டது. அப்படி மாற்ற வேண்டிய பிள்ளைகளும் சிலர் இருக்கலாம். அதைப் பெற்றோரோடு பேசி, எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். அவசரத்தில் பென்சில் டப்பாவை நீட்டி முடிவு செய்யக் கூடாது.

எட்டு வயது மகன். எழுத்து அட்டவணையைத் தலைகீழாகச் சொல்வான். சொல்லாகக் காட்டினால் திணறுகிறான். ‘கொடி’ என்பதை ‘கெ... ர... டி’ என்கிறான். கவனக் குறைவா, டிஸ்லெக்ஸியாவா?
- ஒரு தாய்

ஒரு வாக்கியத்தை வைத்து டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, என்று யாரும் சொல்ல முடியாது. முறையான மதிப்பீட்டுக்கு அழைத்துப் போங்கள், அதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். ஆனால் அவன் செய்யும் தவறு கவனக் குறைவால் வருவதல்ல. கண்ணில் பட்டதை, பட்ட வரிசையிலேயே, மிகக் கவனமாகப் படிக்கிறான்.

தமிழ் எழுத்தில் 247 என்ற எண்ணிக்கையைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறோம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல், ஒலி வரும் வரிசையும் குறி நிற்கும் இடமும் ஒன்றாக இல்லாததுதான். ‘கெ’யில் க் முதலில் ஒலிக்கிறது, எ பிறகு ஒலிக்கிறது. ஆனால் கொம்பு முன்னால் நிற்கிறது. ‘கொ’வில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. அதில் பின்னால் வரும் துணைக்கால் ‘ர’ போலவே இருக்கிறது. உங்கள் மகன் துணைக்காலை ர என்றுதான் வாசித்திருக்கிறான்.

அட்டவணை அவனுக்குத் தெரியும் என்பதையும் சோதித்துப் பாருங்கள். ‘க கா கி கீ’ பாட்டாக மனப்பாடம் ஆகியிருக்கலாம். ‘தை, மூ, லி, போ, னா’ என்று கலைத்துப் போட்டுக் காட்டினால் உண்மை தெரியும். பாட்டை முதலிலிருந்து ஓட்டிக் கண்டுபிடித்தால், அவனுக்குத் தெரிந்தது வரிசை மட்டும்.

தினமும் 10 நிமிடம், இந்த வரிசையில் போங்கள். முதலில் எழுத்தே வேண்டாம். ‘ப - ட - ம்’ என்று நீங்கள் பிரித்துச் சொல்ல அவன் சேர்த்துச் சொல்லட்டும். பிறகு நீங்கள் சேர்த்துச் சொல்ல, அவன் பிரிக்கட்டும். இது காதுக்கும் வாய்க்குமான பயிற்சி. இது வராமல் எழுத்துக்குப் போனால் எழுத்து ஒட்டாது. அடுத்து அகரமும் புள்ளியும் மட்டும் உள்ள சொற்கள்: படம், நகம், மரம், வயல், கடல். மூன்றாவது, துணைக்கால். இங்கே ‘கரம் - காரம்’, ‘பரம் - பாரம்’ என்று இணையாகக் கொடுத்து, துணைக்காலை மட்டும் வேறு நிறத்தில் எழுதுங்கள். நான்காவது இகரம், ஈகாரம். ஐந்தாவதுதான் கொம்பு. ‘கொம்பைக் கண்டால் வாயைத் திறக்காதே, அடுத்த எழுத்தைப் பார், அதற்கும் அடுத்து துணைக்கால் இருக்கிறதா என்று பார், பிறகு சொல்’ என்ற விதியைச் சொல்லிக்கொடுத்து, கொம்பின் மேல் விரல் வைத்துத் தாண்டச் செய்யுங்கள். ஒற்றைக் கொம்பு உறுதியானபின் இரட்டைக் கொம்பு. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் இரண்டும் குழம்பும்.

உகரத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கா, கி போல ஒரே குறி எல்லா மெய்க்கும் ஒட்டுவதில்லை. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு வகை. ஙு, சு, பு, யு, வு இன்னொரு வகை. ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. ஒரு வகைக்கு ஒரு வாரம் என்று வைத்தாலும் மூன்று வாரம் ஆகும்.

ஒவ்வொரு படியிலும் 10 சொல் கொண்ட பட்டியல் வைத்து, மூன்று நாள் தொடர்ந்து 9 சொல்லாவது சரியாக வந்தால்தான் அடுத்த படி. 6-ல் நிற்கிறான் என்றால் பட்டியலைப் பாதியாக்குங்கள். நேரத்தை இரட்டிப்பாக்காதீர்கள். இன்னொன்று: க எப்போதும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் மூன்று ஒலி. எழுத்து எழுத்தாகச் சரியாகச் சொன்ன பிள்ளை சொல்லாகச் சேர்க்கும்போது தயங்குவதற்கு இதுவும் காரணம். சொல் அவனுக்கு ஏற்கெனவே பேச்சில் தெரிந்ததாக இருந்தால் தானே திருத்திக்கொள்வான். அதனால் முதல் ஆறு மாதத்துக்கு அவன் பேசாத சொல்லைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

பள்ளியில் இரண்டு விஷயம் கேளுங்கள். முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம். வாசிக்க வேண்டிய நான்கு வரியை முந்தின நாளே குறித்துக் கொடுக்கட்டும். சொல்வதை எழுதுதலில் எல்லாப் பிழைக்கும் சிவப்பு மை வேண்டாம். அந்த வாரம் கொம்பு என்றால் கொம்புப் பிழையை மட்டும் திருத்தட்டும். வண்ணக் கண்ணாடி, வண்ணத் தாள் வைத்தால் டிஸ்லெக்ஸியா சரியாகும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. எழுத்துக்கு எழுத்து, வரிக்கு வரி சற்றுக் கூடுதல் இடைவெளி விட்டு அச்சடித்துக் கொடுப்பது சில பிள்ளைகளுக்கு உதவுகிறது, செலவும் இல்லை.

ஒவ்வொரு பிள்ளையும் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, செய்து கற்பவரா என்று சோதித்துப் பிரித்துக் கற்பிக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். பின்பற்றலாமா?
- பயிற்சி ஆசிரியர்

வேண்டாம். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று ஹரோல்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு தெளிவாகவே சொன்னது. எந்த வழி நல்லது என்பதைப் பெரும்பாலும் பாடப்பொருள்தான் முடிவு செய்கிறது. வரைபடத்தைக் காதால் கற்க முடியாது, உச்சரிப்பைக் கண்ணால் கற்க முடியாது. காது கேளாத பிள்ளைக்குப் படம் காட்டுவது ‘கற்கும் பாணி’ அல்ல, அது அவசியம். இரண்டையும் குழப்பினால், வாசிக்கச் சிரமப்படும் பிள்ளையை ‘இவன் கேட்டுக் கற்பவன்’ என்று முத்திரை குத்தி, வாசிக்கக் கற்றுக்கொடுப்பதையே விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

இரண்டு காதிலும் மெஷின் போட்ட மாணவியை முதல் பெஞ்சில் நடுவில்தான் உட்காரவைத்திருக்கிறோம். இருந்தும் பாதிப் பாடம் புரியவில்லை. ‘புரிந்ததா’ என்றால் தலையாட்டுகிறாள்.
- ஏழாம் வகுப்பு ஆசிரியர்

மெஷின் ஒலியைக் கூட்டித் தரும், தெளிவைத் தராது. உங்கள் குரலோடு மின்விசிறி, நாற்காலி இழுபடும் சத்தம், பக்கத்து வகுப்பு எல்லாவற்றையும் சேர்த்தே கூட்டும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். வகுப்பறைக்குள் அவ்வளவு குறையாது. பதிலுக்கு, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சேர்ந்து சொற்கள் குழைந்துவிடும். ஒன்றிரண்டு மீட்டருக்குள் நீங்கள் இருக்கும்போது கேட்பதும், அறையின் மறுகோடியில் நடந்துகொண்டு பேசும்போது கேட்பதும் அவளுக்கு வேறு வேறு.

காலையில் ஒரு நிமிடச் சோதனையிலிருந்து தொடங்குங்கள். செவித்திறன் துறையில் டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனை இது: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். ஒரு மீட்டர் தள்ளி நின்று, உதடு தெரியாமல் ஓர் அட்டையால் வாயை மறைத்து, சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். வரிசையையும் இடைவெளியையும் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் தாளத்தை வைத்தே ஊகித்துவிடுவாள். நேற்று வந்த ஸ் இன்று வரவில்லை என்றால் பேட்டரியோ, குழாயில் அழுக்கு அடைப்போ இருக்கலாம். துத்தநாகக் காற்று பேட்டரி என்றால், ஒட்டுத்தாளை உரித்ததும் ஒன்றிரண்டு நிமிடம் காற்றுப் படவிட்டுப் பிறகு போட வேண்டும்.

இடத்தை மாற்றுங்கள். முதல் பெஞ்சின் நடுவில் இருந்தால் உங்கள் முகம் மட்டும் தெரியும், பேசும் மற்ற பிள்ளைகள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால். இரண்டாம் வரிசையில் ஓரமாக, வகுப்பைத் திரும்பிப் பார்க்க வசதியாக உட்காரவையுங்கள். நீங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் நிழலாகிவிடும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். பலகையில் எழுதும்போது பேசாதீர்கள். எழுதி முடித்து, திரும்பி, பிறகு பேசுங்கள். பலரும் சறுக்குவது இதில்தான், பழக்கம் அப்படி. பின் பெஞ்சிலிருந்து ஒருவன் பதில் சொன்னால் அவன் பெயரைச் சொல்லி, பதிலை நீங்கள் ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை மாட்டினால் இழுபடும் சத்தத்தில் பெரும்பங்கு அன்றே போய்விடும்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்று நம்பிவிடாதீர்கள். ‘படம்’, ‘மடம்’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். க, ங வெளியே தெரியவே தெரியாது. புதிய சொற்களைப் பாடத்துக்கு முன்பே பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தால் ஊகிக்கும் சுமை பாதியாகும். கத்துவதும் வாயை அகட்டிப் பேசுவதும் உதட்டின் வடிவத்தைக் கெடுக்கும். சொன்னது புரியாவிட்டால் அதையே மறுபடி சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள்.

நீங்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ள, உங்கள் குரலை நேரே அவள் மெஷினுக்கு அனுப்பும் தொலை மைக் வசதி இருந்தால் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். வேறு மாணவனை அதட்டப் போகும்போது அணைத்துவிடுங்கள். மறந்தால், அந்த அதட்டல் முழுவதும் இவள் காதுக்குள் விழும். ‘புரிந்ததா’ என்ற கேள்வியை மறந்துவிடுங்கள். ‘அடுத்து நீ என்ன செய்யப் போகிறாய், சொல்’ என்று கேளுங்கள். அதற்குத் தலையாட்ட முடியாது.

ஆட்டிசம் உள்ள மாணவன். ஒரு பாடவேளை முடிந்து அடுத்தது தொடங்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான்.
- இரண்டாம் வகுப்பு ஆசிரியை

இரண்டு காரணம் இருக்கலாம்: மணிச் சத்தம், அல்லது திடீர் மாற்றம். ஒரு வாரம் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக் குறியுங்கள்: அலறலுக்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தான், அதற்குப் பிறகு என்ன நடந்தது. மணி அடிக்காமல் பாடம் மாறிய நாளிலும் அலறினால், சிக்கல் மாற்றத்தில். மாற்றம் இல்லாதபோதும் மணிக்கு அலறினால், சிக்கல் ஒலியில். ஒலி என்றால், மணிக்கு 2 நிமிடம் முன்பே காது மூடியைக் கொடுங்கள். நாள் முழுக்கப் போட்டுவைக்க வேண்டாம், அதற்குள் பழகிவிட்டால் சாதாரணச் சத்தமும் தாங்காமல் போகும்.

மாற்றம் என்றால், அன்றைய பாடவேளைகளைப் படமாக மேலிருந்து கீழே ஒட்டுங்கள். முடிந்ததும் அவனே அந்தப் படத்தைப் பிய்த்து ‘முடிந்தது’ உறைக்குள் போடட்டும். 5 நிமிடத்துக்கு முன் ஒரு தடவை, 1 நிமிடத்துக்கு முன் ஒரு தடவை சொல்லுங்கள். முழு நாள் பட்டியல் அதிகமாக இருந்தால் ‘முதலில் - பிறகு’ என்று இரண்டே படம். ஆசிரியர் வராத நாளில் பாடம் மாறுமே, அதற்கும் ‘இன்று மாற்றம்’ என்று ஒரு படம் தயாராக இருக்க வேண்டும். பட்டியல் பொய் சொல்லிவிட்டால் அடுத்த நாள் அதை அவன் நம்பமாட்டான்.

பேச்சிலும் கவனம் தேவை. ‘காதைக் கொடுத்துக் கேள்’, ‘ஒரு நிமிஷம் இரு’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளை இவன். 60 விநாடி ஆனதும் எழுந்துவிட்டால் அவன்மேல் தப்பில்லை. ஒரு கட்டளை சொன்னால் மனத்துக்குள் 10 எண்ணுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்து காட்டினார். அதை 3 விநாடி ஆக்கியபோதே எல்லா வகைப் பிள்ளைகளின் பதில்களும் நீண்டன. இவனுக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவை. நான்காவது விநாடியில் நீங்கள் வேறு சொற்களில் மறுபடி சொன்னால், அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ‘என் கண்ணைப் பார்த்துப் பேசு’ என்பதையும் விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் வகுப்பு. 52-ல் 27 போனால் 35 என்கிறாள். விரல் விட்டுத்தான் எண்ணுகிறாள். வாய்ப்பாடும் நிற்கவில்லை.
- ஒரு தந்தை

7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்பதை இலக்கத்துக்கு இலக்கம் பொருத்திவிட்டாள். விதியைத் திருப்பித் திருப்பிச் சொல்வதால் தீராது. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட குச்சிக் கட்டுகள் 5, தனிக் குச்சி 2 கொடுங்கள். 7 எடுக்கச் சொல்லுங்கள், முடியாது. ஒரு கட்டைப் பிரித்தால் 4 கட்டு, 12 குச்சி. இப்போது 7 குச்சியையும் 2 கட்டையும் எடுக்கட்டும், 25 மிஞ்சும். ஒரு வாரம் குச்சி, பிறகு கட்டுக்கு நீளக் கோடும் குச்சிக்குப் புள்ளியுமாகப் படம், அதன் பிறகே எண். குச்சியிலிருந்து நேரே எண்ணுக்குத் தாவுவதுதான் பெரும்பாலும் நடக்கும் பிழை. கட்டம் போட்ட நோட்டில் கட்டத்துக்கு ஓர் இலக்கம் எழுதவையுங்கள்.

விரல் விடுவதைத் தடுக்காதீர்கள். நீள் வகுத்தல் கற்கும்போது வாய்ப்பாட்டு அட்டை மேசையில் இருக்கட்டும், அன்றைய பாடம் வகுத்தல். வாய்ப்பாட்டுக்குத் தனியே 5 நிமிடம் ஒதுக்குங்கள்.

தேர்வில் சில பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுதித் தரும் எழுத்தரும் கொடுப்பது மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம் என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
- தலைமை ஆசிரியர்

எதை அளக்கிறோம் என்று கேளுங்கள். வரலாற்றுத் தேர்வில் வினாத்தாளை வாசித்துக் காட்டினால் வரலாற்று அறிவு கூடிவிடாது. ஆகவே அது நியாயம். வாசிப்புத் தேர்வில் பத்தியை வாசித்துக் காட்டினால் தேர்வே இல்லாமல் போகும், அது கூடாது. அதேபோல எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் உள்ள கேள்வியில் எழுத்தர் எழுதினால், பிள்ளை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். ஐ.நா. 2006-ல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-வது பிரிவு, கல்வியில் இப்படிப்பட்ட நியாயமான மாற்றங்களை உரிமையாகவே சொல்கிறது.

நடைமுறையில் கெடுவது வேறு இடத்தில். தேர்வன்றுதான் எழுத்தரை முதல் முறை பார்க்கிறது பிள்ளை. சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. வாக்கியத்தை மனத்தில் முடித்துவிட்டுச் சொல்ல வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும், படத்துக்கு வழி சொல்ல வேண்டும். வகுப்புத் தேர்வுகளில் நான்கைந்து முறையாவது பழகாவிட்டால் எழுத்தர் இருந்தும் மதிப்பெண் ஏறாது. சீக்கிரம் களைக்கும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் தண்டனைதான். நடுவில் 10 நிமிட ஓய்வே அதற்குப் பலன் தரும்.

பார்வை மிகக் குறைந்த மாணவன் புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிக்கிறான். கண் இன்னும் கெடுமா?

கெடாது. தூரத்தைப் பாதியாக்கினால் எழுத்து இரு மடங்காகத் தெரியும், அதைத்தான் செய்கிறான். முதுகு வளையாமல் இருக்கச் சாய்வுப் பலகை கொடுங்கள். 18 பாயின்ட் அளவு அச்செழுத்தில் தொடங்கி எது வசதி என்று அவனிடமே கேளுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம். பலகையில் ‘இதையும் இதையும் கூட்டினால்’ என்று சொல்லாமல் எண்களைச் சொல்லுங்கள். பிரெய்லுக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு தகவல்: தமிழ் பிரெய்லில் உயிர் எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் வரும். மேலே சொன்ன கொம்புத் தொல்லை அங்கே கிடையாது.

அறிவுத்திறன் வளர்ச்சி குறைந்த மாணவி. பக்கத்தில் நின்று சொன்னால் எல்லாம் செய்கிறாள். விலகினால் அப்படியே நிற்கிறாள்.
- சிறப்பாசிரியர்

உங்கள் குரலும் அந்த வேலையின் ஒரு படியாகிவிட்டது. பையைத் திற, நோட்டை எடு, பக்கத்தைப் புரட்டு, பென்சிலை எடு, தேதி எழுது, தலைப்பு எழுது என்று ஆறு படியாகப் பிரியுங்கள். முதல் ஐந்தை அவளோடு சேர்ந்து செய்து, ஆறாவதை மட்டும் அவளிடம் விடுங்கள். அது உறுதியானதும் கடைசி இரண்டு, பிறகு கடைசி மூன்று. கடைசியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவள் அவளாக இருப்பாள்.

உதவியை இந்த ஏணியில் ஏற்றுங்கள்: முதலில் 5 விநாடி காத்திருப்பு, பிறகு விரலால் சைகை, பிறகு ஒரு சொல், பிறகு செய்து காட்டுவது, கடைசியாக, அவள் சம்மதத்தோடு, கையைப் பிடித்துச் செய்வது. ஒவ்வொரு படிக்கும் எதிரே எந்த உதவி தேவைப்பட்டது என்று ‘கா, சை, சொ, செ, கை’ என்று ஓரெழுத்தில் குறியுங்கள். இரண்டு வாரம் ஒரே இடத்தில் ‘சொ’ நின்றால், அந்தப் படியின் படத்தை மேசையில் ஒட்டிவிட்டு, சொல்வதற்குப் பதில் படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். உங்கள் குரலைவிடப் படத்தை விலக்குவது சுலபம்.